பட்டை தீட்டிய நிலா

கோவளத்தில் பௌர்ணமியன்று நிலா கடலுக்குள்ளிருந்து எழுந்து வரும். கிழக்குப் பார்த்த கரை. நமக்கு முதுகுப் பக்கம், ஈசிஆரைத் தாண்டி சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பக்கம் செம்பழுப்பாக ஒரு வட்டம் தலைகாட்டிவிடும். கொஞ்ச நேரத்தில் அது வெளுத்து, தண்ணீர்மேல் நம் காலடி வரைக்கும் ஒரு வெளிச்சப் பாதை போட்டுவிடும். தர்கா பக்கம் நின்றாலும் அந்தப் பாதை நம்மிடம்தான் வரும். நடந்து மாதா கோயில் பக்கம் போனால் கூடவே நகர்ந்து வரும். பக்கத்தில் நிற்பவருக்கு அவருடைய பாதை தனி.

போன சித்ரா பௌர்ணமிக்கு அம்மாவை அங்கே கூட்டிப்போயிருந்தேன். அம்மா கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி நிலவுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு மறுபடி விரலில் போட்டுக்கொண்டு, "காத்து நல்லா வருதுல்ல" என்றாள். மோதிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

அந்த மோதிரத்தில் இருப்பது நிலாக்கல். சந்திரகாந்தக்கல் என்றும் சொல்வார்கள். அது எங்கள் வீட்டுக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா ரத்தினபுரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். அவருடைய தாத்தா காலத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து போன குடும்பம். இலங்கை சுதந்திரம் அடைந்ததும் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்களாக ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கணக்கில் இருந்தவர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எக்செல் ஷீட்டில் ஒரு நெடுவரிசையை இரண்டாகப் பிரிப்பதுபோல என்று எனக்குத் தோன்றும். என் வேலை அப்படி.

தாத்தாவும் அப்பாயியும் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, கடைசியில் கூடலூர்ப் பக்கம் தேயிலையில் போய் நின்றார்கள். வரும்போது அப்பாயியின் வெற்றிலைப் பையில் ஒரு சுண்ணாம்பு டப்பா. சுண்ணாம்புக்குள் ஒரு கல். ரத்தினபுரி என்றால் மாணிக்கக் குழிகள் இருக்கும் ஊர். குழியில் வேலை பார்த்த சிங்களக் கூட்டாளி ஒருவருக்குத் தாத்தா கொடுத்திருந்த கைமாற்றுக்குப் பதிலாக அந்தக் கல் வந்தது. "காசு இருந்திருந்தா காசத்தான் குடுத்திருப்பான், பாவம்" என்று அப்பாயி சொல்லும். மீட்டியாகொடைக் கல் என்று கூட்டாளி சொன்னாராம். அந்த ஊர்ப் பெயரை அப்பாயி கடைசிவரை சரியாக உச்சரித்ததில்லை.

வெள்ளியில் கட்டிய அந்த மோதிரத்தை அப்பாயி அம்மாவுக்குக் கல்யாணத்தின்போது போட்டுவிட்டது. நான் பார்த்து வளர்ந்த கல் அதுதான். முட்டை வடிவில், மேலே வழவழவென்று குவிந்து, அடியில் தட்டையாக, ஒன்பது கேரட்டுக்குக் கொஞ்சம் கூட. பால் கலந்த தண்ணீர் நிறம். கரண்ட் போன இரவில் சிம்னி விளக்குப் பக்கத்தில் அம்மா பூண்டு உரிக்கும்போது, கல்லுக்குள் ஒரு நீல வெளிச்சம் விரல் அசைகிற பக்கமெல்லாம் மிதந்து போகும். மேற்பரப்பில் இல்லை. உள்ளே, ஆழத்தில். கிணற்றுக்குள் நிலா தெரிவதுபோல.

2019-ல் அம்மாவுக்கு அறுபது முடிந்தது. கல்லில் வருஷக்கணக்கான கீறல்கள் சேர்ந்து மங்கியிருந்தது. ஓரத்தில் மெல்லிய விரிசல் ஒன்றும் இருந்தது. நான் சம்பாதிக்கிற திமிர். சர்ப்ரைஸ் கொடுக்கலாம் என்று சொல்லாமல் எடுத்துக்கொண்டுபோய் நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். "இதெல்லாம் பழைய மாடல் சார். ஃபேசெட் பண்ணிட்டா டைமண்ட் மாதிரி அடிக்கும். விரிசலும் போயிடும்" என்றார்கள். ஃபேசெட் என்றால் பட்டை தீட்டுவது. சரி என்றேன். வெள்ளை உலோகத்தில் புது மோதிரம், அதில் நாலேகால் கேரட்டில் பளிச்சென்று பட்டை போட்ட கல். கடை விளக்குகளின் கீழ் உண்மையாகவே அடித்தது. வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா ஜன்னலோரம் போனாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா சுத்தமா இருக்கு" என்றாள்.

நிலா இல்லை.

என் தொழிலில் எதையும் பழைய நிலைக்குத் திருப்பலாம். நேற்றைய கோட், போன மாதக் கோட், எல்லாம் இருக்கும். சாணையில் போன கல்லுக்கு அன்டூ கிடையாது. அன்றிலிருந்து இந்தக் கல்லைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். என்ன தப்பு செய்தேன் என்று தெரிந்துகொள்ளத்தான்.

முதலில் பெயர். சந்திரகாந்தம் என்ற பெயர் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. நிலவொளி பட்டால் இந்தக் கல் கசிந்து நீர் விடும் என்பது கவிகள் விடாமல் சொல்லிவந்த நம்பிக்கை. காளிதாசனின் மேகதூதத்தில் அளகாபுரி மாளிகைகளில் அப்படிச் சொட்டும் கற்கள் உண்டு. தமிழ்க் காப்பிய வருணனைகளிலும் அது வழக்கமான அலங்காரம். வெயில் பட்டால் நெருப்புக் கக்கும் சூரியகாந்தக்கல் அதற்கு ஜோடி. கவிதையில் வரும் அந்தக் கல்லும் அப்பாயியின் சுண்ணாம்பு டப்பாவில் வந்த கல்லும் ஒன்றேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. குளிர்ந்த கல்மேல் இரவில் பனி கோத்து நிற்பதைப் பார்த்த யாரோ ஆரம்பித்து வைத்த கதையாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பெயரை வைத்துத் தேடப்போனால் நாலு திசைக்கும் இழுத்துவிடும். இலங்கை நிலாக்கல் என்று தேடினால் அநுராதபுரத்து விகாரைகளின் வாசற்படியில் இருக்கும் அரைவட்டச் சிற்பக் கல், சந்தகடபஹண, முதலில் வந்து நிற்கும். யானையும் குதிரையும் காளையும் வரிசையாக நடக்கும் அழகான கல்தான். நம் கல்லுக்கும் அதற்கும் ஆங்கிலப் பெயர் மட்டுமே பொது. வில்கி காலின்ஸ் 1868-ல் எழுதிய 'மூன்ஸ்டோன்' நாவலைப் பெரிய எதிர்பார்ப்போடு வாசித்தேன். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழும்போது கொள்ளைபோகும் கல் பற்றிய கதை. அதில் வருவது மஞ்சள் வைரம்! கடைகளில் ரெயின்போ மூன்ஸ்டோன் என்று வானவில் நிறங்களோடு விற்பது இன்னொரு குழப்பம். அது லாப்ரடோரைட் என்ற கல்லின் வெள்ளை வகை. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் இனம் வேறு.

ஐரோப்பாவில் இதற்கு அடுலேரியா என்ற பெயர் 1780-களில் வந்தது. ஸ்விட்சர்லாந்தின் அடுலா மலைப்பகுதியை வைத்து எர்மனகில்டோ பினி என்பவர் வைத்தார். நீல வெளிச்சம் மிதப்பதற்கு இன்றைக்கும் ரத்தினவியலில் அடுலரசன்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். நான் நிலாவோட்டம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

சரி, அந்த ஓட்டம் எங்கிருந்து வருகிறது?

நிலாக்கல் ஃபெல்ட்ஸ்பார் குடும்பம். பூமியின் மேலோட்டில் பாதிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார்தான். நம் வீட்டு கிரானைட் மேடையில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும் துண்டுகள் பெரும்பாலும் அதுவே. அவ்வளவு சாதாரணமான கனிமம். ஆனால் நிலாக்கல்லில் இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பார் சேர்ந்திருக்கும். பொட்டாசியம் மிகுந்த ஆர்தோகிளேஸ் ஒன்று, சோடியம் மிகுந்த ஆல்பைட் இன்னொன்று. பூமிக்குள் கொதிநிலையில் இருக்கும்போது இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒரே படிகமாக இருக்கும். சூடு தணியத் தணிய அந்தக் கூட்டு தாங்காது. திட நிலையிலேயே, படிகம் உடையாமலேயே, ஒன்றைவிட்டு ஒன்று விலகி, மாறி மாறி மெல்லிய அடுக்குகளாகப் பிரியும். மெதுவாக ஆற வேண்டும். அவசரமாக ஆறினால் பிரிவு நடக்காது. நடந்த பிரிவின் அடுக்குகள் ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய தடிமனில் இருந்தால், உள்ளே போகும் வெளிச்சம் ஒவ்வோர் எல்லையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறித் திரும்பும். அடுக்கு மிக மெல்லியதானால் நீலம். தடித்தால் வெள்ளை. நீலத்துக்குத்தான் விலை அதிகம்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்குக் கல்லைவிடப் பிடித்திருக்கிறது. 1921-ல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் கோஸு, எண்டோ என்ற இருவர் நிலாக்கல்லுக்குள் எக்ஸ்-கதிரைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒரே படிகமாகத் தெரிந்த கல் இரண்டு படிகங்களின் தடத்தைக் காட்டியது. கல்லை ஆயிரம் டிகிரிக்கு மேல் வெகுநேரம் சூடாக்கியபோது இரண்டு தடங்களும் ஒன்றாகின. பிரிந்தவை சேர்ந்துகொண்டால் நிலா அணைந்துவிடும். இதைப் படித்த இரவு எனக்கு மண்டபம் முகாமும் சுண்ணாம்பு டப்பாவும் ஞாபகம் வந்தன. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும். ஆனாலும் வந்தன.

அதே 1921-ல்தான் சி.வி. ராமன் இங்கிலாந்து போய் நர்குண்டா கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தானா என்ற கேள்வி அந்தப் பயணத்தில் அவரைப் பிடித்துக்கொண்டது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று நிறுவினார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டுபோய் 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல். இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். அவர் கல் பைத்தியம் என்பதைப் பாடத்தில் சொல்வதில்லை. வைரம், ஓப்பல், லாப்ரடோரைட் என்று சேர்த்துக்கொண்டே இருந்தவர். 1948-ல் ஓய்வுபெற்றதும் பெங்களூரில் தனக்கென்று ஆய்வு நிறுவனம் தொடங்கினார். அங்கே 1950-ல், ஏ. ஜெயராமன், டி.கே. சீனிவாசன் என்ற இரண்டு இளைஞர்களோடு சேர்ந்து, இலங்கை நிலாக்கற்களின் அமைப்பையும் ஒளியியலையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆர்தோகிளேஸுக்குள் பிரிந்து கிடக்கும் நுண்ணிய ஆல்பைட் பகுதிகளில் ஒளி சிதறுவதே நிலாவோட்டம் என்பது அதன் சாரம். பிற்பாடு எலக்ட்ரான் நுண்ணோக்கிகள் அந்தப் பகுதிகளை அடுக்கடுக்கான தகடுகளாகக் காட்டின. ஜெயராமன் பிறகு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குப் போய் உயர் அழுத்த இயற்பியலில் பெயர் வாங்கினார், ராமனின் வாழ்க்கையையும் எழுதினார். தாத்தா ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அதே தீவின் கல்லைத் திருச்சியில் பிறந்த ஒருவர் பெங்களூரில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

இடையில் ஒன்று. வானத்து நிலாவின் வெள்ளைப் பகுதிகளும் ஃபெல்ட்ஸ்பாரே. அனார்த்தோசைட் என்ற பாறை, அதில் பெரும்பங்கு கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் அதே பாறை கிடைக்கிறது. சந்திரயான்-2 வண்டியை ஓட்டிப் பார்க்க இஸ்ரோ அங்கிருந்துதான் பாறை எடுத்து அரைத்து நிலா மண் தயாரித்தது. ஆக, நிலாவும் நிலாக்கல்லும் பங்காளிகள். பெயர் வைத்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இனி, என் தப்புக்கு வருகிறேன்.

அடுக்குகள் என்றேனே, அவை கல்லுக்குள் ஒரே ஒரு தளத்தில், புத்தகத்தின் பக்கங்கள்போல இணையாகப் படுத்திருக்கும். பக்கங்களுக்கு நேர் மேலிருந்து பார்த்தால் வெளிச்சம் வரும். விளிம்பிலிருந்து பார்த்தால் வராது. ஆகவே நிலாக்கல்லுக்குத் திசை உண்டு. மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் நிறத்துக்காகத் திசை பார்ப்பார்கள், கொஞ்சம் பிசகினாலும் கல் கல்லாகத்தான் இருக்கும். நிலாக்கல்லில் பிசகினால் கல் மட்டும்தான் இருக்கும்.

அதோடு இந்தக் கல் எளிதில் பிளக்கும். ஃபெல்ட்ஸ்பாருக்கு ஏறக்குறைய செங்குத்தாக இரண்டு பிளவுத் தளங்கள். தட்டினால் அந்த வாட்டத்தில் சீராகப் பிளந்து, தட்டையான முகம் காட்டும். புதியவர் அந்தத் தட்டை முகத்தைப் பார்த்ததும் அதையே கல்லின் மேல்முகமாக வைக்க ஆசைப்படுவார். ஆனால் நிலாவின் அடுக்குகள் அந்த இரண்டு தளங்களோடும் சேராமல் வேறொரு தளத்தில் கிடக்கும். போதாக்குறைக்கு உள்ளே குட்டிக் குட்டி விரிசல்கள், நடுவில் ஒரு கோடும் இரண்டு பக்கமும் கால்களுமாக. ரத்தினவியலார் அவற்றைப் பூரான் என்றே அழைக்கிறார்கள். அம்மாவின் கல்லின் ஓரத்தில் இருந்ததும் ஒரு பூரான்தான்.

மரபாக இந்தக் கல்லை ஏன் குவிமாடமாகத் தீட்டினார்கள் என்பது இதற்கப்புறம்தான் எனக்கு விளங்கியது. அந்த வடிவத்துக்கு கபோஷான் என்று பெயர். நம் கோயில் நகைகளில், பரதநாட்டிய நெற்றிச்சுட்டியில் பார்க்கிற கெம்புக்கல் அந்த வடிவம்தான். நாகர்கோவில் வடசேரியில் இன்றும் அப்படித்தான் பதிக்கிறார்கள். அதைப் பட்டை தீட்டத் தெரியாத காலத்தின் மிச்சம் என்று நினைத்திருந்தேன். நிலாக்கல்லைப் பொறுத்தவரை அந்தக் குவிவு ஒரு கருவி. அடுக்குகளுக்கு இணையாக அடித்தட்டை வைத்து, மேலே குவித்துத் தீட்டினால், குவிந்த பரப்பு ஒரு லென்ஸாகி உள்ளிருக்கும் சிதறிய வெளிச்சத்தை ஓரிடத்தில் திரட்டிக் காட்டும். கையை அசைத்தால் திரண்ட வெளிச்சம் நகரும். குவிவு உயர்ந்தால் நிலா சிறுத்து அடர்த்தியாகும். தாழ்ந்தால் விரிந்து மெலியும். கல்லுக்குக் கல் அந்த உயரத்தைக் கண்ணால் அளந்து முடிவெடுப்பதுதான் கைத்திறன்.

பட்டை தீட்டுவதன் நோக்கம் வேறு. கல்லுக்குள் போன வெளிச்சத்தை அடிப் பட்டைகளில் மோதவைத்துக் கண்ணுக்கே திருப்பி அனுப்புவது. அது நடக்கக் கல்லின் ஒளிவிலகல் எண் உயர்ந்திருக்க வேண்டும். வைரத்துக்கு 2.42. நிலாக்கல்லுக்கு 1.52 சுற்றி. ஜன்னல் கண்ணாடிக்கும் ஏறக்குறைய அதே எண்தான். "டைமண்ட் மாதிரி அடிக்கும்" என்று கடையில் சொன்னபோது எனக்கு இந்த எண் தெரிந்திருந்தால்! பி.இ. முதல் வருஷத்தில் இதே சூத்திரத்தைப் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியவன் நான்.

கடினமும் பிரச்சினை. மோஸ் அளவில் நிலாக்கல் 6, 6.5. கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. காற்றில் வரும் தூசியே நாளடைவில் கீறிவிடும். குவிந்த கல்லில் கீறல் பரவலாக மறைந்துகொள்ளும். பட்டைகளின் கூர் விளிம்பில் முதல் வருஷமே தெரியும்.

பட்டை தீட்டிய நிலாக்கல்லே கூடாது என்று சொல்ல வரவில்லை. நல்ல கை தீட்டிய ஒன்றைப் பிறகு பார்த்தேன். கண்ணாடியாகத் தெளிந்த கல். மேசை என்று சொல்லும் மேல்முகம் அடுக்குகளுக்குச் சரியாக இணை. நேராகப் பார்த்தால் தண்ணீர். ஒரு சாய்வு சாய்த்தால் அந்தத் தெளிவுக்குள் திடீரென்று ஒரு நீலத் திரை இறங்கி, அடுத்த சாய்வில் மறைந்துவிடும். பாலாகக் குழம்பிய கல்லில் இது நடக்காது, மிகத் தெளிந்த கல் வேண்டும். மேலே குவித்து அதன்மேல் சதுரங்கக் கட்டங்கள்போல் சின்னச் சின்னப் பட்டைகள் வைப்பவர்களும் உண்டு. அது ஒரு சமரசம், மோசமான சமரசம் இல்லை. எல்லாவற்றுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: சாணையில் வைக்கும் முன் நிலா எந்தப் பக்கம் என்று தேடுவது.

தமிழ்நாட்டிலும் நிலாக்கல் உண்டு. காங்கேயம் என்றால் நமக்குக் காளை. ரத்தின வணிகர்களுக்கு அது கல். சாம்பல், வெள்ளை, ஆரஞ்சு நிறங்களில் காங்கேயத்து நிலாக்கல் உலகச் சந்தையில் பெயர்பெற்றது. பக்கத்துப் படியூரில் கடல்நிறப் பெரில். நொய்யல் கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் நீலம், பெரில், சூதுபவளம் எல்லாம் முடிந்தும் முடியாமலும் மணிகளாகக் கிடைத்தன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்பார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லின் வாட்டம் பார்க்கத் தெரிந்த கைகள் இருந்த நிலம். நான் அங்கே போயிருக்கலாம். ஆனால் அப்பாயிக்கு வாயில் நுழையாத அந்த ஊரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மீட்டியாகொடை காலி மாவட்டத்தில், அம்பலாங்கொடைக்கு உள்பக்கம். தென்னையும் கறுவாவும் சூழ்ந்த சாதாரணக் கிராமம். மரச்சட்டம் அடித்து இறக்கிய குழிகள். தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் வெள்ளைக் களிமண். ஒருகாலத்தில் அதுவும் ஃபெல்ட்ஸ்பார்தான், மக்கி மாவாகிவிட்டது. மக்காமல் தப்பிய துண்டுகள்தான் நிலாக்கல். மேலே கொண்டுவந்து கூடையில் அலசிப் பொறுக்குகிறார்கள். சுற்றுலாக்காரர்களுக்குக் குழியைக் காட்டி, சாணையைக் காட்டி, கடைசியில் கடைக்குள் விடுவார்கள். என்னையும் விட்டார்கள்.

சாணையில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எழுபது இருக்கும். கொஞ்சம் தமிழ் வந்தது. பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம். அழுக்குப் பூண்ட ஒரு முரட்டுக் கல்லைத் தண்ணீரில் முக்கி, ஒற்றை பல்புக்குக் கீழே உருட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். எங்கோ நீலம் எட்டிப்பார்த்ததும் நிறுத்தி, பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அப்புறம்தான் அரக்கைச் சூடாக்கிக் குச்சி நுனியில் கல்லை ஒட்டினார், புள்ளி நேர் மேலே இருக்கும்படி. தீட்டியது கொஞ்ச நேரம்தான். தேடியதுதான் வேலை என்று தோன்றியது.

அம்மாவின் மோதிரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். நீட்டினேன். பெரியவர் மேலிருந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். டார்ச்சை எடுத்துப் பக்கவாட்டிலிருந்து அடித்துக் கல்லை மெல்லச் சாய்த்தார். ஓரத்தில், மோதிரத்தின் கவ்வு பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு நீலக் கீற்று.

"நிலா இருக்கு தம்பி. வேற பக்கம் பாக்குது."

பூரானைத் தவிர்க்கக் கல்லை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தீட்டியிருக்கிறார்கள், ஒரு முப்பது டிகிரி இருக்கும் என்று கையால் காட்டினார். கல் எடை மிஞ்சியது, விரிசல் போனது, அடுக்கு மேசையை விட்டு விலகிவிட்டது. தீட்டியவர்மேல் தப்புச் சொல்லவில்லை அவர். "விரிசல் எடுக்கச் சொன்னீங்க, எடுத்திருக்கார்." திரும்ப நேராக்க முடியுமா என்று கேட்டேன். முடியும். ஒன்றரைக் கேரட் மிஞ்சும், அதுவும் உடையாமல் வந்தால். சுண்டு விரல் நகத்தைக் காட்டி, அதில் பாதியைக் கட்டை விரலால் மறைத்தார். பிறகு வழக்கப்படி வேறு கல் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு தட்டைத் திறந்தார். தட்டு நிறைய நிலாக்கள். விலை கட்டுப்படியாகும்தான். வாங்காமல் வந்தேன்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுக்கு, திசை, பூரான், ஜப்பான், ராமன், பெரியவர். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஒன்றரைக் கேரட்டுன்னா எவ்வளவு?"

காட்டினேன்.

"அதுக்கு மறுபடி அதக் கொண்டுபோய் அறுக்கணுமா? வேணாம். இருக்கறது இருக்கட்டும். உங்கப்பாயி சுண்ணாம்புக்குள்ள போட்டுக் கொண்டாந்தது, இன்னும் எத்தன தடவ சின்னதாக்குவ?"

அதற்கப்புறம்தான் கோவளத்தில் அந்த சித்ரா பௌர்ணமி. கல்லை நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, காற்று நன்றாக வருகிறது என்று சொல்லி மோதிரத்தைப் போட்டுக்கொண்டாளே, அந்த இரவு. கொஞ்ச நேரம் கழித்து நான் சுண்டல் வாங்கப் போய்விட்டுத் திரும்பினேன். அம்மா மணலில் உட்கார்ந்து, மோதிரத்தை விரலிலேயே ஒரு பக்கமாகச் சுழற்றி, கல் நடுவிரல் பக்கம் சரிந்து நிற்கும்படி வைத்துக்கொண்டு, கையைக் கடல் பக்கம் நீட்டியிருந்தாள்.

"டேய், இங்க வா. இப்படிச் சாச்சுப் புடிச்சா ஓரத்துல வருது பாரு."

குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன்.